உஷார்! காற்று அடங்கிய பிறகுதான் கண்டம்

வீட்டுக் கொல்லையில் துணி காயப்போட என்ன கட்டியிருக்கிறீர்கள்? கயிறா, கம்பியா?

கம்பி என்றால் இன்றைக்கே அவிழ்த்து எறியுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அவிழ்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நம் கடப்பாக்கம் பக்கத்தில் ஒரு வீடு. பெயர் வேண்டாம், அவர்கள் பட்டதே போதும். 2024 நவம்பர் கடைசி, ஃபெஞ்சல் புயல் நேரம். வியாழக்கிழமை சாயங்காலம், இது புயலாக மாறாது, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்று செய்தி வந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. கட்டி வைத்த பையைப் பிரித்துவிட்டார்கள். டேங்க் நிரப்புவதைத் தள்ளிப்போட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அதுவே புயலாகிவிட்டது! சனிக்கிழமை கரண்ட் போனது. மோட்டார் ஓடவில்லை. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

எப்படியோ சமாளித்துவிட்டார்கள். காற்று அடங்கியது, மழையும் விட்டது. வெயில் எட்டிப் பார்த்ததும் அந்த அம்மா ஈரத்துணி மூட்டையோடு கொல்லைக்குப் போனார். இதற்குள் கரண்ட் வந்திருந்தது. முறிந்த முருங்கைக் கிளை ஒன்று கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயர் மேல் விழுந்து, அந்த வயர் தொய்ந்து கொடிக்கம்பியில் உரசிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. மேலுறை தேய்ந்த பழைய வயர். காலடியில் ஈர மண். கையில் ஈரப் புடவை.

கை கம்பியோடு ஒட்டிக்கொண்டது.

பிள்ளை "அம்மா" என்று ஓடினான். பக்கத்து வீட்டுத் தாத்தா அவனை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். விட்டிருந்தால் இரண்டு உயிர். வேறொருவர் உள்ளே ஓடி மெயின் சுவிட்சை அணைத்தார். அப்போதும் விடவில்லை! எப்படி விடும்? மெயின் சுவிட்ச், மீட்டருக்குப் பிறகு வீட்டுக்குள் போகும் கரண்டைத்தான் நிறுத்தும். கம்பத்துக்கும் மீட்டருக்கும் நடுவில் இருக்கிற வயரில் கரண்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கடைசியில் திண்ணையில் நனையாமல் கிடந்த மூங்கில் கழியால் தட்டித்தான் கையைப் பிரித்தார்கள். உயிர் தப்பிவிட்டார். வலது கை விரல்கள் இன்றும் முழுதாக மடங்குவதில்லை.

புயலில் அந்த வீட்டுக் கூரையிலிருந்து ஒரு ஓடுகூடப் பறக்கவில்லை. அதனால்தான் பதறுகிறேன். காற்றடிக்கும்போது எல்லோரும் பயந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். காற்று நின்றதும் பயமும் நின்றுவிடுகிறது. ஆபத்து அப்போதுதான் கொல்லைப்பக்கமாக வருகிறது.

நம் ஊர் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வடக்கே மாமல்லபுரம், தெற்கே மரக்காணம், அதைத் தாண்டிப் புதுச்சேரி. 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணம் பக்கம் கரை கடந்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரம் பக்கம். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம். நான்கே வருடத்தில் மூன்று! கடப்பாக்கம் நட்ட நடுவில். அதிலும் மூன்றுமே கரையைக் கடந்து முடித்தது இரவில். இருட்டிய பிறகு டார்ச் எங்கே, மருந்துச் சீட்டு எங்கே என்று தேட முடியாது.

ஃபெஞ்சல் இன்னொன்றும் காட்டியது. கரை கடந்த புயல் போய்விடும் என்று நினைத்தோம். அது புதுச்சேரி பக்கத்திலேயே மணிக்கணக்காக நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை. அதற்கும் அடுத்த இரவு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. ஆற்றங்கரைக் குடும்பங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடின. நம் ஊரில் அந்த ஆறு இல்லை, சரி. கடலும் கழியும் பக்கிங்ஹாம் கால்வாயும் இருக்கின்றனவே! கடல் பொங்கி நிற்கும்போது மழைத்தண்ணீர் வடிய வழியில்லாமல் ஊருக்குள்ளேயே நிற்கும்.

இனி அறிகுறிகள். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

காற்று திடீரென்று நின்றால் வெளியே போகாதீர்கள். பேய்க்காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அமைதியானால், வானம்கூட வெளுத்தால், அது புயலின் கண் நம் தலைக்கு மேல் நிற்பதாக இருக்கலாம். சில நிமிடமோ அரை மணியோ கழித்து எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட சிமெண்ட் ஷீட்டும் தென்னையும் இரண்டாவது காற்றில்தான் விழும். அந்த இடைவெளியில்தான் ஆட்டைப் பார்க்கிறேன், படகைப் பார்க்கிறேன் என்று கிளம்புகிறார்கள். புயல் முழுதாகக் கடந்துவிட்டது என்று அறிவிப்பு வரும்வரை கதவைத் திறக்க வேண்டாம்.

தரையில் கம்பி கிடந்தால் அதில் கரண்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஊரே இருட்டாக இருந்தாலும்தான். எந்த நிமிடமும் சப்ளை வரலாம். அதைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, ஈர மண்ணில் பக்கத்தில் நடந்தாலே இழுக்கும். குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஏற்கெனவே பக்கத்தில் போய்விட்டால் ஓடாதீர்கள், தாண்டிக் குதிக்காதீர்கள். இரண்டு காலையும் ஒட்டி வைத்துத் தரையோடு தேய்த்தபடி விலகுங்கள். மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள். கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவி வீட்டுக்குள் இல்லையென்றால் மழைக்கு முன்பே பொருத்திவிடுங்கள். ஆனால் அது வீட்டுக்குள் நடக்கும் கசிவுக்குத்தான். மேலே சொன்ன அம்மாவை அது காப்பாற்றியிருக்காது.

தலைவலி, மயக்கம், வீடு முழுக்க ஒரே தூக்கக் கலக்கம். ஜெனரேட்டரை வராந்தாவிலோ ஜன்னலுக்குக் கீழோ ஓட்டுகிறீர்களா? மழைக்காகக் கதவை அடைத்துவிட்டுக் கரி அடுப்பு மூட்டுகிறீர்களா? கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இருமல்கூட வராது. தூக்கத்திலேயே கொன்றுவிடும். ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளித்தான் ஓட வேண்டும். தலை சுற்றினால் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள், காரணம் பிறகு தேடலாம்.

விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தானாகச் சொக்குகிறது. தண்ணீர் ஏறினால் பாம்பும் மேடு தேடும். நம் வீடுதான் அதற்கும் மேடு. கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியே தெரியாது. தரையில் படுத்தவர் காலையில் வயிறு வலிக்கிறது என்பார், நாமும் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருப்போம். ஐயோ, அந்த நேரம்தான் உயிர்! கட்டிலில், கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிப் படுங்கள். கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிட்டு, கை காலை அசைக்காமல் 108-இல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நம் மாவட்டத்து வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்துதான் நாட்டின் பல விஷமுறிவு மருந்துகள் தயாராகின்றன. மருந்து இருக்கிறது. நாம் தாமதிப்பதுதான் ஆளைக் கொல்கிறது.

கடல் பின்வாங்கினால் வேடிக்கை பார்க்காதீர்கள். இது புயல் விஷயம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா பக்கம் நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு பூமி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் சொல்ல ஆள் இல்லை. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கி, அடியில் கிடந்த கல்வரிசைகள் தெரிந்தன. அதை நின்று பார்த்தவர்கள் உண்டு. நம் ஆலம்பரைக் கோட்டைச் சுவர்களுக்கே அன்றைக்குச் சேதம். இப்போது ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனாலும் கடல் உள்ளே போனதைக் கண்ணால் பார்த்துவிட்டால் எந்த அறிவிப்புக்கும் காத்திருக்காதீர்கள். மீன் துள்ளினாலும் எடுக்கப் போகாதீர்கள். மேட்டுக்கு ஓடுங்கள், இல்லையென்றால் உறுதியான மாடிக்கு ஏறுங்கள். முதல் அலை போனதும் இறங்காதீர்கள். அடுத்தது அதைவிடப் பெரிதாக வரலாம்.

இவ்வளவும் படித்துவிட்டு, புயல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். வேலையெல்லாம் வெயில் இருக்கும்போதுதான்.

வீட்டைச் சுற்றிவந்து சர்வீஸ் வயர் எந்த மரத்தில் உரசுகிறது என்று பாருங்கள். உரசினால் நீங்களே கத்தியைத் தூக்காதீர்கள், மின்வாரிய ஆட்களைக் கூப்பிடுங்கள். தென்னையில் முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் இறக்குங்கள். தளர்ந்த ஷீட்டுக்கு ஜே போல்ட்டை முறுக்கி, மேலே மணல் மூட்டை வையுங்கள்.

தாழ்வு மண்டலம் என்று கேட்டாலே டேங்கை நிரப்புங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர், மூன்று நாளைக்கு மூடிய குடங்களில் தனியாக. செய்தி மாறினாலும் கொட்டாதீர்கள்! புயல் வராவிட்டால் செடிக்கு ஊற்றிக்கொள்ளலாம்.

கையில் காசு. ஐம்பதும் நூறுமாக, ஒரு வாரச் செலவுக்கு. 2016 டிசம்பர் 12 வர்தா நினைவிருக்கிறதா? பணமதிப்பிழப்பு வந்து ஒரு மாதம், கையில் நோட்டு இல்லை, புயலில் கரண்டும் போனது, கார்டு மிஷினும் ஓடவில்லை. இன்றைக்குப் பால் வாங்கக்கூட போனைத்தான் நீட்டுகிறோம். டவர் விழுந்தால் கடைக்காரர் என்ன செய்வார்?

மாத்திரை பத்து நாளைக்கு. சர்க்கரை, பி.பி., இதய மாத்திரை எல்லாம் அட்டையோடு, மருந்துச் சீட்டோடு. பிரிட்ஜில் இன்சுலின் இருந்தால் கரண்ட் போன பிறகு எங்கே வைப்பது என்று முன்பே ஏற்பாடு செய்யுங்கள். ஈரமணல் போட்ட மண்பானைக்குள் மூடிய டப்பாவில் வைக்கலாம். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்தால் மருந்து வீண். நிறைமாதக் கர்ப்பிணி இருந்தால் காற்று கிளம்பும் முன்பே ஆஸ்பத்திரி பக்கம் கொண்டுபோய் விடுங்கள். சாலையில் சவுக்கு சாய்ந்து கிடந்தால் ஆம்புலன்ஸ் எப்படி வரும்?

ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக், மீனவர் அடையாள அட்டை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில், இரட்டை முடிச்சு. போனில் படம் பிடித்துப் பிள்ளைக்கு ஒன்று அனுப்பி வையுங்கள். நிவாரணம் கேட்டுப் போகும்போது நனைந்த காகிதத்தோடு நிற்கும் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம்.

மாட்டை, ஆட்டை, நாயைக் கட்டிப் போட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள். கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். அதுகள் நீந்திப் பிழைத்துக்கொள்ளும்.

வெளியேறச் சொன்னால் கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, மெயினை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு நனைந்த காலோடு போய் மெயினைத் தொடாதீர்கள். திரும்பி வந்ததும் சுவிட்ச் போடுவதற்கு முன் ஜன்னலைத் திறந்து மோந்து பாருங்கள்.

கிணற்றுத் தண்ணீரை வெள்ளம் வடிந்ததும் அப்படியே குடிக்காதீர்கள். கக்கூஸ் தொட்டித் தண்ணீரெல்லாம் அதில் கலந்திருக்கும். முதலில் இறைத்துக் கொட்டிவிட்டு, ஊறி வரும் தண்ணீர் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரமாவது விடுங்கள். எவ்வளவு தண்ணீர் என்று தெரியவில்லையா? கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீர் ஆழத்தாலும் 785-ஆலும் பெருக்கினால் லிட்டர் வரும். இரண்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் 9420 லிட்டர், அதற்குச் சுமார் 24 கிராம். அதன் பிறகும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். குழந்தைக்குப் பேதி கண்டால் உடனே ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். அந்தப் பாக்கெட் நான்கு இப்போதே வாங்கி வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் "ஏரி உடைந்தது" என்று வந்தால் ஓடாதீர்கள், அடுத்தவருக்கும் அனுப்பாதீர்கள். 1077-ஐக் கூப்பிட்டு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். மாநில அறைக்கு 1070. தீயணைப்புக்கு 101. கடலில் போனவர் திரும்பவில்லை என்றால் கடலோரக் காவல்படை 1554. போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் தீர்ந்ததும் எண்ணும் போய்விடும். கதவுக்குப் பின்னால் கரியாலாவது எழுதுங்கள், பிள்ளை எட்டிப் பார்க்கும் உயரத்தில்.

உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பாட்டி யார், நடக்க முடியாத தாத்தா யார் என்று உங்களுக்குத் தெரியும். மேட்டு வீட்டுக்கு அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துப்போவது யார் என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்து வீட்டாரோடு பேசி முடிவு செய்துவிடுங்கள்.