உத்திரமேரூர்ச் சபை மண்டபம்

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரின் நடுவே ஒரு கல்மண்டபம் நிற்கிறது. இன்று அது வைகுண்டப் பெருமாள் கோயில் எனப்படுகிறது. பத்தாம் நூற்றாண்டில் உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்து மகாசபையார் கூடி ஊர்ப்பணிகளை முடிவு செய்த இடம் இதுவே. பல்லவர் காலத்தில் அந்தணர்க்குப் பிரமதேயமாக அளிக்கப்பட்ட இவ்வூரில், எடுத்த முடிவுகளை ஓலையோடு நிறுத்தாமல் மண்டபத்தின் கற்களிலேயே பொறித்தனர். நிலவிற்பனை, அறக்கட்டளை, ஏரிப்பணி எனப் பல செய்திகள் இவ்வாறு நமக்குக் கிடைத்துள்ளன.

அவற்றுள் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) இரு கல்வெட்டுகள் தனிச்சிறப்புடையன. வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை இவை விளக்குகின்றன. ஒரே செய்திக்கு ஈராண்டு இடைவெளியில் இரண்டு கல்வெட்டுகள் ஏன்? முதல் விதிகளில் இடைவெளிகள் இருந்திருக்க வேண்டும். தீயோர் அழிந்து நல்லோர் வளர வேண்டும் என்னும் நோக்கத்துடன் விதிகள் விரிவாகத் திருத்தப்பட்டன.

ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இக்கால வார்டு போன்ற பிரிவு. தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இட்டனர். இளையோரும் முதியோருமாக மகாசபையார் அனைவரும் கூடியிருக்க, ஊரிலுள்ள நம்பிமார் எவரும் விடுபடாமல் உள்மண்டபத்தில் அமர்ந்தனர். அவர்களுள் மூத்தவர் எல்லாரும் காணுமாறு குடத்தை உயர்த்திக் காட்டினார். உள்ளே இருப்பது இன்னதென்றறியாத சிறுவன் ஒருவன் கட்டொன்றை எடுத்தான். அதனை அவிழ்த்து வேறொரு குடத்திலிட்டுக் கலக்கியபின், ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் தந்தான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதை ஏற்க வேண்டும். மூடிய கையில் ஓலை மாறிவிடலாம் அல்லவா! அவன் வாசித்த ஓலையை நம்பிமார் அனைவரும் வாசித்த பின்னரே பெயர் எழுதப்பட்டது.

இவ்வாறு சம்வத்சர வாரியத்திற்கு 12 பேரும் தோட்ட வாரியத்திற்கு 12 பேரும் ஏரி வாரியத்திற்கு 6 பேரும் தேர்வாயினர். பொன் வாரியம், பஞ்சவார வாரியம் ஆகியவற்றிற்கும் குடவோலையே வழி. பதவிக்காலம் 360 நாள். குற்றம் செய்தவர் இடையிலேயே நீக்கப்பட்டார்.

போட்டியிடுவோர்க்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் வேண்டும். முதற் கல்வெட்டு 30 முதல் 60 வரை என வகுத்த வயது வரம்பை இரண்டாவது கல்வெட்டு 35 முதல் 70 வரை என மாற்றியது. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர்க்கு வாய்ப்பில்லை.

வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் போட்டியிட முடியாது. அவர் மட்டுமல்லர், தந்தை, மக்கள், உடன்பிறந்தார், மாமன், மருமகன் என நீளும் உறவினர் பட்டியலும் விலக்கப்பட்டது. தவறு செய்தவர் தம் இடத்தில் உறவினரை நிறுத்திப் பின்னிருந்து நடத்தும் வழியை இது அடைத்தது. ஊர்க்கணக்கு எழுதுவோனும் தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்படைத்துத் தூயவன் எனப்பட்டால்தான் மறுபடி அப்பணியைப் பெறலாம். அவனுக்காக வேறொருவன் கணக்கை முடிக்கலாகாது.

இத்துணைக் கடுமைக்குக் காரணம் உண்டு. ஊரின் உயிர்நாடி வயிரமேகத் தடாகம் என்னும் ஏரி. அதைத் தூர்வாரிக் காப்பதற்கென விடப்பட்ட பொருள் வாரியத்தார் கையிலிருந்தது. கணக்குப் பிழைத்தால் வயல் காயும்.

எனினும் இச்சபையை இக்கால மக்களாட்சிக்கு நிகரெனக் கொள்ளுதல் பொருந்தாது. நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தண ஆடவர்க்கே அதில் இடமிருந்தது. பெண்களுக்கும், அதே ஊரின் வயல்களில் உழைத்தோர்க்கும் குடத்தில் ஓலை இல்லை. பிற வேளாண் ஊர்களில் 'ஊர்' என்னும் அவையும், வணிகர் ஊர்களில் 'நகரம்' என்னும் அவையும் இயங்கின.

கல்வெட்டறிஞர் வெங்கையா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விரு கல்வெட்டுகளையும் ஆராய்ந்து வெளியிட்டார். மண்டபச் சுவரில் அவ்வெழுத்துகளை இன்றும் காணலாம்.