காட்டு ரோஜாவின் வெள்ளை அடி

ஐரோப்பாவின் வேலியோரங்களில் முள்ளோடு படர்ந்து கிடக்கும் காட்டு ரோஜாவுக்கு ஐந்தே இதழ்கள்தான். அவற்றைச் சர்க்கரையோடு காய்ச்சி ஜாம் செய்வார்கள். இதழின் வெள்ளை அடிப்பகுதி கசக்கும். அதைக் கிள்ளிவிட்டுத்தான் பாத்திரத்தில் போடுவார்கள். இதழில் துவர்ப்பு உண்டு. தொண்டை கரகரத்தால் இதழ் ஊறிய வெந்நீரில் வாய் கொப்பளிப்பதும் அங்கே பழைய கைவைத்தியம்.

ஆனால், பூவைவிடப் பழத்துக்குத்தான் மவுசு! இரண்டாம் உலகப் போரின்போது ஆரஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்த பிரிட்டனில், 1941 முதல் பள்ளிப் பிள்ளைகளும் பெண்களும் வேலி வேலியாகப் போய் இந்தப் பழத்தைப் பறித்தார்கள். அதில் காய்ச்சிய பாகு குழந்தைகளுக்கு வைட்டமின் சி கொடுத்தது. பழத்துக்குள் இருக்கும் சுணை தொண்டையை அரிக்கும் என்பதால் நன்றாக வடிகட்டியே பாகு காய்ச்சுவார்கள்.

ஒன்று மட்டும்: கடையில் வாங்கும் பூங்கொத்து ரோஜாவில் பூச்சிமருந்து அடித்திருக்கலாம், அதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.