குதிரைக்கு மட்டும் ஒரு விதி

அமெரிக்காவில் பந்தயக் குதிரை ஒன்றின் காலுக்கு ‘ஷாக் வேவ்’ சிகிச்சை கொடுத்தால், அடுத்த 30 நாட்களுக்கு அதைப் பந்தயத்தில் இறக்கக் கூடாது. பயிற்சியில்கூட வேகமாக ஓடவிடக் கூடாது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பும் போட்டிக்கு முந்தைய 5 நாட்களில் இந்தச் சிகிச்சைக்குத் தடை போட்டிருக்கிறது. சிகிச்சை எடுத்த இடத்தில் சில நாட்களுக்கு வலி உணர்வு மங்கிவிடும் என்பதே காரணம். காயம் அப்படியே இருக்கும், குதிரைக்குத்தான் தெரியாது. முழு வேகத்தில் ஓடிக் காலை முறித்துக்கொள்ளும்.

மனிதர்களுக்கு இப்படி ஒரு விதி கிடையாது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலிலும் ஷாக் வேவ் இல்லை. சனிக்கிழமை மாவட்டப் போட்டி என்றால், வியாழக்கிழமை பிள்ளையை பிசியோதெரபி மையத்துக்கு அழைத்துப் போய், “ஒரு சிட்டிங் போட்டு விடுங்க சார், ஆடிட்டு வந்துடட்டும்” என்று கேட்பதைத் தடுக்க யாரும் இல்லை.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், உடம்புக்குள் மின்சாரம் பாய்வதில்லை. பாய்வது அழுத்த அலை. சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்தே உடைக்க ஜெர்மனியில் உருவான நுட்பம் இது. டோர்னியர் என்ற விமான நிறுவனம் அந்தக் கருவியை வடிவமைத்தது. 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌசியின் மருத்துவக் குழு முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தது. அலை போகும் வழியில் இருக்கும் எலும்பிலும் மாற்றங்கள் நிகழ்வதைப் பின்னர் கவனித்தார்கள். ஒட்டாத எலும்பு முறிவு, தோள் வலி, குதிகால் வலி என்று கருவி எலும்பு மருத்துவத்துக்குள் நுழைந்தது அப்படித்தான். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குதிகால் வலிக்கு இதை அனுமதித்தது.

இன்று ஒரே பெயரில் இரண்டு கருவிகள் புழங்குகின்றன. ஒன்றில், நொடியின் நூறு கோடிப் பங்கில் அளக்கும் வேகத்தில் அழுத்தம் எகிறும். அலையைத் தோலுக்குக் கீழே சில சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு புள்ளியில் குவிக்கலாம். மற்றது சாலையை உடைக்கும் டிரில்லரின் தம்பி: கைப்பிடிக்குள் இருக்கும் சிறு உலோகக் குண்டைக் காற்றழுத்தம் திரும்பத் திரும்ப முனையில் மோதவைக்கிறது. அந்த அடி தோலில் பலமாகவும் ஆழம் போகப் போக மெலிந்தும் பரவும். இயற்பியல் கணக்கில் இது அதிர்வலையே (ஷாக் வேவ்) அல்ல, வெறும் அழுத்த அலை. விலை குறைவு என்பதால் பிசியோ மையங்களில் அதிகம் காணப்படுவது இந்த இரண்டாம் வகைதான். வாரம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து அமர்வு, ஒவ்வொன்றிலும் சுமார் 2,000 அடி. இதுதான் வழக்கம். வலிக்கும்.

அடித்தால் எப்படி வலி குறையும்? இழுவையையும் அழுத்தத்தையும் செல்கள் உணர்கின்றன. அந்தத் தூண்டலில் சில வளர்ச்சிப் பொருட்கள் சுரக்கின்றன, புதிய நுண் ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன என்பதை விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்னொரு பக்கம், வலியைக் கடத்தும் நரம்பு நுனிகள் சிறிது காலம் செயல் குன்றுகின்றன. முதலாவது பழுதுபார்ப்பு, இரண்டாவது மறைப்பு. நோயாளி இரண்டையும் “இப்ப பரவாயில்ல” என்ற ஒரே சொல்லால்தான் சொல்லுவார்.

சான்றுகள் ஓரளவு வலுவாக இருப்பது நாள்பட்ட குதிகால் வலிக்கும், தோளில் சுண்ணாம்பு படிந்த தசைநாணுக்கும். இரண்டுமே பெரும்பாலும் நடுத்தர வயதுக்காரர்களின் தொல்லை. தசை முடிச்சு வலிக்கும் பலன் உண்டு என்கிறார்கள். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, பெரியவர்களிடம் நடந்தவை, சில வாரப் பலனைப் பேசுபவை. விளையாட்டு வீரர்களிடம் நடந்த ஓர் ஆய்வு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. வாலிபால், கூடைப்பந்து, ஹேண்ட்பால் ஆடும் 62 பேரைப் போட்டிப் பருவத்தின் நடுவிலேயே நெதர்லாந்து ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநாண் வலி. பாதிப்பேருக்கு உண்மையான ஷாக் வேவ், மீதிப்பேருக்குப் போலி. 2011-இல் வெளியான முடிவு: இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. ஆடிக்கொண்டே குணமாகலாம் என்ற ஆசைக்கு விழுந்த அடி அது. அதில் கலந்துகொண்ட அத்தனை பேரும் 18 வயதைக் கடந்தவர்கள்.

பதின்ம வயதில் பிரச்சினையே வேறு. உயரம் மளமளவென்று கூடும் அந்த ஆண்டுகளில் எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் திறந்திருக்கும். தசைநாண் வந்து ஒட்டும் இடங்கள் பல இன்னும் குருத்தெலும்பு. ஒவ்வொரு குதிப்பிலும் தொடைத் தசை முழங்காலுக்குக் கீழுள்ள மேட்டை இழுக்கிறது. அங்கே வீங்கி வலிப்பதை 1903-இல் பாஸ்டனில் ஆஸ்குட், சூரிச்சில் ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியாக விவரித்தார்கள். கெண்டைக்கால் தசை இழுக்கும் குதிகாலுக்கும் இதே கதி. பிள்ளை “தசை பிடிச்சிருக்கு” என்பான், கோச்சும் அதையே சொல்வார். நோவது பல நேரம் தசை ஒட்டியிருக்கும் எலும்பு.

இந்த வளர்ச்சித் தட்டின் மேல் அலையைச் செலுத்தலாமா? இளம் எலிகளுக்கு அதிர்வலை கொடுத்துப் பார்த்த 1989-ஆம் ஆண்டு ஆய்வு, வளர்ச்சித் தட்டில் ஆங்காங்கே சிதைவைக் கண்டது. பிறகு வந்த விலங்கு ஆய்வுகள் எல்லாம் அதை ஆமோதிக்கவில்லை. அதிர்வலை சிகிச்சைக்கான சர்வதேச மருத்துவச் சங்கம், அதிக ஆற்றலுள்ள குவிய அலையை வளர்ச்சித் தட்டின் மேல் பயன்படுத்தக் கூடாது என்கிறது. குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆஸ்குட்–ஷ்லாட்டர் வலி விடாத பத்துப் பதினைந்து வளரிளம் வீரர்களுக்கு அப்படிப்பட்ட கருவியைப் பயன்படுத்திய ஜெர்மன் மருத்துவர்கள், பலருக்கும் குணம் தெரிந்ததாக 2012-இல் எழுதினார்கள். ஆனால் ஒப்பிடப் போலிச் சிகிச்சைக் குழு இல்லை. தானாகவே அடங்கும் இயல்புள்ள நோயில் அப்படி ஒரு குழு இல்லாத ஆய்வை எவ்வளவு நம்புவது?

எனக்குப் பிடித்த ஆய்வு டென்மார்க்கிலிருந்து வந்தது. அதில் கருவியே இல்லை. அதற்கும் ஒப்பீட்டுக் குழு இல்லைதான், ஆனால் பிள்ளையின் எலும்பை அது எந்தச் சோதனைக்கும் உட்படுத்தவில்லை. இதே ஆஸ்குட்–ஷ்லாட்டர் வலியோடு வந்த, 10 முதல் 14 வயதுள்ள 51 பிள்ளைகள். முதலில் விளையாட்டைக் குறைத்தார்கள், பிறகு படிப்படியாகத் தொடைத் தசையை வலுவாக்கினார்கள். 12 வாரத்தில் 80 சதவீதம் பேர் நன்றாக முன்னேறியதாகச் சொன்னார்கள். அதே 12-ஆம் வாரத்தில் விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 16 சதவீதம் மட்டுமே. ஓராண்டில் அது 69 சதவீதமானது. வலி குறைவதும் மைதானத்துக்குத் தயாராவதும் ஒன்றல்ல என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். ஷாக் வேவ் கெடுப்பது இந்த இடைவெளியைத்தான். திரும்பலாம் என்று உடம்பு சொல்வதற்கு முன்பே, வலி இல்லை என்று கருவி சொல்லிவிடுகிறது.

வளர்ச்சித் தட்டுகள் மூடிய பின், பதினெட்டை நெருங்கும் வீரருக்கு, ஓய்வும் பயிற்சியும் மாதக்கணக்கில் கொடுத்தும் அடங்காத தசைநாண் வலிக்கு இதை முயன்று பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முதல் மருந்தாக இதை நீட்டினால், எந்த வகைக் கருவி, அலை படும் இடத்தில் வளர்ச்சித் தட்டு இருக்கிறதா, முடிந்த பிறகு எத்தனை நாள் ஆடக் கூடாது என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு “இன்னிக்கே ஆடலாம்” என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. வளரிளம் பருவத்தில் வரும் எலும்புப் புற்றுநோய் முழங்காலைச் சுற்றித்தான் அதிகம் தோன்றுகிறது. அரிதுதான், ஆனால் கட்டியின் மேல் இந்தச் சிகிச்சை கூடவே கூடாது. ஓய்விலும் குறையாத வலி, தூக்கத்தைக் கலைக்கும் வலி, நாளுக்கு நாள் பெரிதாகும் வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும், எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டாமல் எந்தக் கருவியையும் பிள்ளையின் காலில் வைக்க விடாதீர்கள்.