“டெஸ்டிங் தானா?” என்று கேட்காதீர்கள்!



இந்தப் பகுதியில் மாமியார்-மருமகள் சண்டை, பிள்ளை வளர்ப்பு, வேலைக்குப் போகும் பெண்களின் சிரமம் என்று எத்தனையோ படித்திருக்கிறேன். ஆனால் என் மகள் பார்க்கும் வேலையைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. அந்த வேலை இன்னதென்று தெரியாமல் பெற்ற தாயான நானே அவள் மனசைப் புண்படுத்தியிருக்கிறேன். அந்தக் குறுகுறுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு ஊர் கள்ளக்குறிச்சி. 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆகும் வரை ‘விழுப்புரம் மாவட்டம்’ என்றுதான் முகவரி எழுதுவோம். என் கணவர் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். ஒரே மகள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, அப்புறம் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடித்து, 2018-ல் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தாள். தெருவே மெச்சியது. எனக்கும் தலை கால் புரியவில்லை.

2021-ல் பெண் பார்க்க வந்தார்கள். பையனும் கம்ப்யூட்டர் வேலைதான். பஜ்ஜி, கேசரி எல்லாம் ஆன பிறகு பையனின் அம்மா, “பொண்ணு டெவலப்பரா, டெஸ்டிங்கா?” என்று கேட்டார்கள். “டெஸ்டிங்” என்றாள் என் மகள். “ஓ... டெஸ்டிங் தானா?” என்று அந்த அம்மாள் இழுத்த இழுப்பு இன்னும் என் காதில் நிற்கிறது. வீட்டுக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். சொல்லியனுப்பவே இல்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார் மேல் காட்டுவது? மகள் மேல்தான் காட்டினேன். “ஏண்டி, அவ்வளவு படிச்சும் அடுத்தவன் எழுதினதைச் சரி பார்க்கிற வேலைக்கா போனே? நீயே எழுதக் கூடாதா?” என்று கத்தினேன்.

அவள் கோபப்படவில்லை. “அம்மா, சோறு வெந்துதான்னு எப்படிப் பார்ப்பே?” என்றாள்.

“ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பேன்.”

“ஒரே பானை, ஒரே தண்ணி, ஒரே தீ. அதனால ஒரு சோறு பதம் போதும். என் வேலையில அது செல்லாதும்மா. அங்கே ஒவ்வொரு பருக்கையும் தனித்தனி அடுப்புல வேகுது. ஒண்ணு வெந்துட்டுதுன்னு இன்னொண்ணை நம்ப முடியாது” என்றாள்.

பிறகு விளக்கமாகச் சொன்னாள். ஒரு பாரத்தில் வயது என்று ஒரு கட்டம் இருக்கிறதென்றால், எழுதினவர் 25 என்று போட்டுப் பார்த்து ‘சரி’ என்று விட்டுவிடுவாராம். இவள் 0 போடுவாள், 200 போடுவாள், ஒன்றும் போடாமல் விடுவாள், பொத்தானை இரண்டு தடவை அமுக்குவாள், நடுவில் நெட்டைத் துண்டிப்பாள். எங்கே உடைகிறதோ அதைத் தெளிவாக எழுதிக் கொடுப்பாள். திருத்தி வந்த பிறகு மறுபடி பார்ப்பாள். அது மட்டுமல்ல, திருத்தினதால் நேற்று வரை நன்றாக இருந்த இன்னொன்று கெட்டுவிட்டதா என்றும் பார்க்க வேண்டுமாம். குழாய்க்காரர் சமையலறைக் குழாயைச் சரி செய்துவிட்டுப் போனதும் பாத்ரூமில் ஒழுக ஆரம்பிக்குமே, அது மாதிரி!

இந்தத் தப்புகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பக்’, அதாவது பூச்சி. 1947 செப்டம்பரில் அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க்-2 என்ற பெரிய கம்ப்யூட்டரில் நிஜமாகவே ஒரு அந்துப்பூச்சி சிக்கி, அதை நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்களாம். அந்தச் சொல் அதற்கு முன்பே பொறியாளர்களிடம் புழங்கியதுதான். ஆனாலும் எனக்கு அரிசியில் வண்டு பார்ப்பது போல் என்று உடனே விளங்கிவிட்டது.

“வண்டு ரெண்டு இருந்தா என்ன குடியா முழுகிடும்?” என்று கேட்டேன். குடியே முழுகிய கதைகளைச் சொன்னாள்.

1996 ஜூன் 4-ல் ஐரோப்பிய நாடுகள் ஏரியன்-5 என்ற ராக்கெட்டை விட்டார்கள். கிளம்பி ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை, வெடித்துச் சிதறியது. பழைய ஏரியன்-4 ராக்கெட்டுக்கு எழுதின மென்பொருளில் ஒரு பகுதியை அப்படியே இதில் வைத்திருந்தார்கள். புது ராக்கெட் வேகமானது. அதன் பெரிய எண் பழைய சின்ன இடத்தில் அடங்கவில்லை. ஆழாக்கில் ஒரு படி அரிசியைக் கொட்டின கதை.

அதைவிட என் நெஞ்சை உலுக்கியது இங்கிலாந்து தபால் நிலையக் கதை. அங்கே கிளைத் தபால் நிலையங்களில் 1999 முதல் ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருளை வைத்தார்கள். அது இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று நம்பி, கடை நடத்தியவர்கள் மேல் திருட்டுப் பட்டம் கட்டினார்கள். 900 பேருக்கு மேல் தண்டனை. அவர்களில் நம் நாட்டு வம்சாவளிப் பெண் சீமா மிஸ்ராவும் ஒருவர். 2010-ல் வயிற்றில் பிள்ளையோடு சிறைக்குப் போனார். அன்றைக்கு அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்த நாள். 2021-ல்தான் நீதிமன்றம் அவர் மேல் குற்றமில்லை என்றது. மீதிப் பேருக்காக 2024-ல் அந்த நாட்டில் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. மென்பொருளில் தப்பு இருப்பது தெரிந்தவர்கள் இருந்தும், அந்தப் பேச்சு வெளியே வரவில்லை. இதைக் கேட்டு அழுதேவிட்டேன். ‘டெஸ்டிங் தானா’ என்று நானே நினைத்தேனே!

இன்னொன்றை நானே கண்ணால் பார்த்தேன். 2023-ல் லீவுக்கு வந்திருந்தவளைக் கூட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனோம். எங்கள் வீட்டுக்கு வருஷா வருஷம் புளியும் தேனும் கொண்டு வரும் பாட்டி வெள்ளிமலைக்குப் பக்கம் இருக்கிறார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே பஸ் மலை ஏறியது. மேலே போகப் போக போனில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. நான் மரவள்ளிக் காட்டை வேடிக்கை பார்த்தேன். இவளோ என் பழைய போனை வாங்கி, தான் சோதனை செய்துகொண்டிருந்த கடன் விண்ணப்ப ஆப்பைத் தட்டிக்கொண்டே வந்தாள். “ஆபீஸ்ல எல்லாம் வேகமான நெட்டு, புது போனு. நிஜ உலகம் இந்த பஸ்ஸுலதாம்மா இருக்கு” என்றாள். அன்றைக்கே ஒரு பூச்சி பிடித்துவிட்டாள். சிக்னல் போய் வந்ததும் ஒரே கட்டணம் இரண்டு தடவை கழிந்தது!

பாட்டியின் மருமகள் ஆடு வாங்கக் கடன் கேட்க விரும்பினாள். விண்ணப்பிக்க வேறு ஏதோ ஒரு ஆப். பெயர் கேட்டது, போட்டோம். ‘கடைசிப் பெயர்’ என்று இன்னொரு கட்டம். மலையிலிருப்பவர்களை விடுங்கள், நமக்கே ஏது கடைசிப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்துதான். ஒற்றை எழுத்தை அது ஏற்கவில்லை. புள்ளி வைத்தோம், ஏற்கவில்லை. பெயரையே இரண்டு தடவை போட்டோம், ‘ஆதாரோடு பொருந்தவில்லை’ என்றது. அந்தப் பெண் போனைக் கீழே வைத்துவிட்டு, “நமக்கெல்லாம் இது வராதுக்கா” என்று சிரித்தாள். தப்பு பாரத்தில் இருக்க, தன் பெயரில்தான் குறை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

என் மகள் சென்னைக்குப் போனதும் தன் கம்பெனி ஆப்பிலும் அதே குறை இருப்பதைக் கண்டு எழுதிக் கொடுத்தாள். “இப்படிப் பேரு எத்தனை பேருக்கு இருக்கப் போகுது?” என்று எழுதினவர் தட்டிக் கழித்தாராம். இவள் விடவில்லை. தமிழ்நாடே இப்படித்தான் என்று வாதாடித் திருத்த வைத்தாள். குற்றம் சொல்வதே தொழில் என்பதால் கூட வேலை செய்பவர்களிடம் கெட்ட பெயர் வாங்காமல் இருப்பதே பெரும் பாடு என்பாள்.

இவ்வளவு செய்தும் 2024 கடைசியில் வேலை போய்விட்டது.

கையால் தட்டித் தட்டிப் பார்க்கிற வேலை குறைந்துகொண்டே வருகிறதாம். தானாகவே சோதிக்கும் கருவிகள் எப்போதோ வந்துவிட்டன. ‘செலினியம்’ என்பது 2004-லேயே வந்தது. இவளும் கொஞ்சம் படித்து வைத்திருந்தாள். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து, என்னென்ன சோதிக்க வேண்டும் என்ற பட்டியலையே எழுதித் தருகிறது. இவள் குழுவில் ஒன்பது பேர் இருந்த இடத்தில் நான்கு பேர் போதும் என்றுவிட்டார்கள். பொங்கலுக்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம், “லீவுல வந்திருக்கா” என்றேன். ஒரு மாசம், இரண்டு மாசம்... லீவு முடியவே இல்லை! ஒருநாள் எதிர் வீட்டு அக்காவிடம் நான் பொய் சொல்வதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்து சொன்னாள்: “அம்மா, தப்பு எங்கே இருக்குன்னு மறைக்காம சொல்றதுக்குத்தான் எனக்கு இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தாங்க. நீ என்னையே மறைக்கிறியே.” எனக்கு வாயடைத்துப் போயிற்று. மறுநாள் நானே அந்த அக்காவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். ஆச்சரியம் என்னவென்றால், அவர்கள் தங்கை மகனுக்கும் அதே நிலைமை. அவர்களும் வெளியே சொல்லவில்லை!

அந்தத் தங்கை வீட்டில் இன்னொரு கொடுமை. ‘வேலை நிச்சயம், அனுபவச் சான்றிதழும் நாங்களே தருகிறோம்’ என்ற ஒரு பயிற்சி நிலையத்தை நம்பி நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சம் கட்டியிருக்கிறார்கள். வேலையில் சேர்ந்த பிறகு கம்பெனி விசாரித்ததில் பொய் அனுபவம் என்று தெரிந்து, பையனை அனுப்பிவிட்டார்கள். தோழிகளே, இதைக் கட்டாயம் கவனியுங்கள். என் மகள் பணம் கட்டிப் படிக்கவில்லை. செலினியம் இலவசம். ஐ.எஸ்.டி.க்யூ.பி. என்ற உலக அளவிலான சோதனைத் தேர்வின் பாடத்திட்டத்தை அவர்கள் வலைத்தளத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு 2022-ல் நம் மாநில அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்திலும் இலவசப் பயிற்சிகள் உண்டு. நகையை அடகு வைக்குமுன் இவற்றை விசாரியுங்கள்.

நான்கு மாசம் விடிய விடியப் படித்தாள். நிரல் எழுதப் பழகினாள். ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைவு. வாரத்தில் பாதி நாள் இங்கிருந்தே பார்க்கிறாள். நெட் போனால் மாடிக்கு ஓடுகிறாள்.

சேர்ந்த முதல் வாரமே, செயற்கை நுண்ணறிவு ஒரு பாரத்துக்கு எழுதிக் கொடுத்த சோதனைப் பட்டியலை எனக்குக் காட்டினாள். இருநூறுக்கு மேல் இருந்தது. மலைத்துப் போனேன். “பேர் எல்லாத்தையும் பாரும்மா” என்றாள். பார்த்தேன். அத்தனையும் முதல் பெயர், கடைசிப் பெயர் உள்ளவை. வெள்ளிமலைப் பெண்ணின் பெயர் மாதிரி ஒன்று கூட இல்லை! இவள்தான் சேர்த்தாள்.

கருவியை நம்பலாம், ஆனால் கருவியையும் ஒருவர் பார்க்க வேண்டும் என்கிறாள். 2024 ஜூலை 19-ல் உலகம் பூரா 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நின்று, நம் நாட்டு விமான நிலையங்களில் கூடக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ‘க்ரவுட்ஸ்டிரைக்’ கம்பெனி அனுப்பிய ஒரு கோப்பில் பிழை. அதைத் தடுக்க வேண்டிய சரிபார்க்கும் கருவியிலேயே பிழை இருந்ததாக அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

என் பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். 2025 ஜூலையில் டி.சி.எஸ். மாதிரிப் பெரிய நிறுவனமே 12,000 பேருக்கு மேல் குறைக்கப் போவதாகச் செய்தி வந்தபோது வயிறு கலங்கியது. அவளோ, “படிச்சுக்கிட்டே இருக்கணும்மா, வேற வழியில்லை” என்கிறாள்.

கல்யாணம் இன்னும் அமையவில்லை. போன மாசம் ஒரு வரன் வந்தது. பையனின் அம்மா, “பொண்ணு என்ன வேலை?” என்று கேட்டார்கள். மகள் வாய் திறக்குமுன் நானே, “டெஸ்டிங்குங்க” என்றேன். அது என்ன வேலை என்று அந்த அம்மாள் அக்கறையாகக் கேட்டார்கள். சோற்றுப் பானையிலிருந்து ஆரம்பித்தேன்!

உங்கள் பிள்ளையோ, வரப்போகும் மருமகளோ டெஸ்டிங் என்று சொன்னால் ‘தானா’ சேர்க்காதீர்கள். என்ன பார்க்கிறாய், எப்படிப் பார்க்கிறாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நான் அதைக் கேட்க மூன்று வருஷம் எடுத்துக்கொண்டேன்.

- ஒரு தாய், கள்ளக்குறிச்சி.