எண்ணில் முந்தும் இளம்பிள்ளைக்கு அடுத்த பாடம் எது?

எண்ணையும் எழுத்தையும் ஒருசேர வைத்துப் போற்றிய மொழி தமிழ். காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் போன்ற நூல்கள் நில அளவையையும் பொன்னளவையையும் செய்யுள் வழியே கற்பித்தன. பழைய திண்ணைப் பள்ளியில் எண்சுவடி பயின்ற பிள்ளை, ஒன்றை முடித்ததும் பிறருக்காகக் காத்திராமல் அடுத்ததற்குச் சென்றான். வயதுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஒரு புத்தகம் என்ற இன்றைய முறை பலருக்குக் கல்வியைக் கொண்டு சேர்த்தது. ஆயினும் முந்தி நிற்கும் பிள்ளையை அது நிறுத்தி வைக்கிறது என்பதையும் மறுத்தற்கில்லை.

நான்காம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி ஆறாம் வகுப்புக் கணக்கைப் போட்டுவிடுகிறாள் என்று கொள்வோம். பெற்றோர் மகிழ்வர், உடனே, 'அடுத்து எந்தப் புத்தகத்தை வாங்குவது?' என்று வினவுவர். வினா எளியது, விடை எளியதன்று. தெரிந்ததையே மீண்டும் படிக்கவைத்தால் பிள்ளை சலிப்படையும். தாங்காத பாரத்தை ஏற்றினால் அஞ்சி விலகும். இரண்டின் முடிவும் ஒன்றே: கணக்கை விரும்பிய பிள்ளை கணக்கை வெறுக்கும். ஆதலின் இத்தேர்வு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

விரைவும் அறிவும்

முதற்கண், விரைந்து கணக்கிடுதல் வேறு, கணிதம் அறிதல் வேறு என்பதைத் தெளிதல் வேண்டும். மணிச்சட்டப் பயிற்சி பெற்ற பிள்ளை நான்கிலக்க எண்களை நொடியில் கூட்டக்கூடும். அது பாராட்டத்தக்க திறனே; ஆயினும் அது மட்டுமே மேல்வகுப்புப் பாடத்திற்குத் தகுதியாகிவிடாது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஆறை அரையால் வகுத்தால் பன்னிரண்டு. 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்னும் விதியை மனனம் செய்த பிள்ளை இவ்விடையைச் சொல்லிவிடும். 'வகுத்தால் எண் குறையத்தானே வேண்டும்? இங்கே ஏன் கூடியது?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஆறு முழத் துணியை அரை முழத் துண்டுகளாக வெட்டினால் பன்னிரண்டு துண்டு வரும்' என்று தன் சொல்லில் கூறும் பிள்ளை பின்னத்தை அறிந்தது. விழிக்கும் பிள்ளை விதியை மட்டுமே அறிந்தது. முன்னதற்கு அடுத்த பாடம் தரலாம். பின்னதற்கு இதே பாடத்தை வேறு வழியில் தருதல் வேண்டும்.

தெரியாததை மட்டும் கற்பித்தல்

அமெரிக்க நாட்டின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக உளவியலறிஞர் ஜூலியன் ஸ்டான்லி, கணிதத்தில் மிகுதிறன் பெற்ற இளைஞரைப் பற்றிய நெடிய ஆய்வை 1971-இல் தொடங்கினார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதினர்க்குக் கல்லூரி நுழைவோர் எழுதும் தேர்வையே அவர் வைத்தார். தம் வகுப்புக்குரிய தேர்வில் அனைவரும் முழு மதிப்பெண் பெறும்போது அவர்களிடையே உள்ள வேறுபாடு புலப்படாது. மேல்நிலைத் தேர்விலேயே அது புலப்படும் என்பது அவர் கண்ட உண்மை.

அவர் கையாண்ட கற்பித்தல் முறையும் நோக்கத்தக்கது. முதலில் ஒரு தேர்வு, பிழைத்த வினாக்கள் எவை என்று ஆராய்தல், அவ்விடங்களை மட்டும் கற்பித்தல், மீண்டும் தேர்வு, பின்னர் அடுத்த பகுதி. நோயறிந்து மருந்து தரும் மருத்துவர் முறை இது. தெரிந்த இருபது பாடங்களை மீண்டும் நடத்திக் காலத்தைக் கழிப்பதுமில்லை. தெரியாத இரண்டைத் தாண்டிச் சென்று அடித்தளத்தில் ஓட்டை விடுவதுமில்லை.

மூன்று வழிகள்

தேர்வு முடிந்தபின் மூன்று வழிகள் நம்முன் உள்ளன: மேலே செல்லுதல், ஆழமாகச் செல்லுதல், அகலமாகச் செல்லுதல்.

மேலே செல்லுதலாவது அடுத்த வகுப்பின் நூலை இப்போதே பயிலுதல். ஆழமாகச் செல்லுதலாவது அறிந்த பாடத்திலேயே கடினமான, சிந்தனையைத் தூண்டும் கணக்குகளை எதிர்கொள்ளுதல். கூட்டல் மட்டுமே அறிந்த பிள்ளையிடம், 'அடுத்தடுத்த எண்களின் கூட்டுத்தொகையாக எவ்வெண்களை எழுதலாம்?' என்று கேளுங்கள். ஒன்பது என்பது நான்கும் ஐந்தும். பத்து என்பது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எட்டை மட்டும் எவ்வாறு முயன்றாலும் எழுத இயலாது, பதினாறையும் இயலாது. ஏன் என்ற வினா பிள்ளையைப் பல நாள் ஈர்த்து வைக்கும். அகலமாகச் செல்லுதலாவது எண்ணியல், வடிவியல் புதிர்கள், எண்ணும் முறைகள் எனப் பள்ளிப் பாடம் தொடாத துறைகளைக் காட்டுதல்.

இம்மூன்றில் முதலாவதை மட்டும் பற்றிக்கொண்டு ஓடுவதே பெரும்பாலோர் இயல்பு. பத்து வயதில் நுண்கணிதம் என்பது கேட்கச் சிறப்பாயிருக்கும். ஆனால் இயற்கணிதத்தில் உறுதியில்லாத பிள்ளைக்கு அது மணலில் எழுப்பிய மாடமாகும்.

இரு வாழ்க்கைகள்

கும்பகோணத்தில் பயின்ற சீனிவாச இராமானுசன் 1903-ஆம் ஆண்டளவில் ஜி. எஸ். கார் என்பாரின் தொகுப்பு நூலைப் பெற்றார். ஆயிரக்கணக்கான தேற்றங்களை மிகச் சுருங்கிய விளக்கத்தோடு அடுக்கிய நூல் அது. தக்க காலத்தில் தக்க நூல் கிடைத்தமையால் ஒரு மேதை விழித்தெழுந்தார். எனினும், முடிவை மட்டும் எழுதி நிரூபணத்தை விடுக்கும் அந்நூலின் நடையே அவர் குறிப்பேடுகளிலும் படிந்தது. கணிதத்தில் மூழ்கிப் பிற பாடங்களில் தேறாமையால் கல்லூரியில் உதவித்தொகையையும் இழந்தார். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற பின்னரே முறையான துணை வாய்த்தது. நூல் மட்டும் போதாது, அருகிருந்து வழிகாட்டும் ஒருவரும் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 1975-இல் பிறந்த டெரன்சு டாவோ பிறிதொரு சான்று. அவரைச் சிறு வயதிலேயே முழுமையாக மேல்வகுப்புக்குத் தள்ளிவிடவில்லை. கணிதத்திற்கு உயர்நிலைப் பள்ளி, பிற பாடங்களுக்குத் தொடக்கப் பள்ளி எனப் பாடத்திற்கேற்ற வகுப்பு அமைந்தது. பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடில் 1986-இல் வெண்கலமும், 1987-இல் வெள்ளியும், 1988-இல் தங்கமும் பெற்றார். 2006-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். எல்லாப் பிள்ளைகளும் டாவோ அல்லர். ஆயினும் ஒரு பாடத்தில் முந்துவதற்காக மற்றவற்றை இழக்கவேண்டியதில்லை என்னும் பாடம் எல்லார்க்கும் பொது.

நூலைத் தேர்தல்

இன்று நூல்களுக்குப் பஞ்சமில்லை. சிங்கப்பூரில் 1982 முதல் வழங்கிய தொடக்கக் கணித நூல்கள் பொருள், படம், குறியீடு என்ற வரிசையில் கற்பிப்பவை. சென்னையில் 1965-இல் தோன்றிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் பள்ளி மாணவர்க்கெனத் திறனறி போட்டிகளை நடத்தி வருகிறது. நம் நாடு 1989 முதல் பன்னாட்டு ஒலிம்பியாடில் பங்கேற்பதால், அதற்கான முன்னிலைத் தேர்வுகளின் பழைய வினாத்தாள்களும் கிடைக்கின்றன.

எதை வாங்கினாலும், வாங்குமுன் ஓர் அதிகாரத்தை இரு வாரம் பயிலவிட்டுப் பாருங்கள். பத்துக் கணக்கையும் தயங்காமல் போட்டுவிட்டால் அந்நூல் எளிது. பாதிக்கு மேல் உங்கள் துணை வேண்டியிருந்தால் அது கடிது. ஆறேழைத் தானே முடித்து, எஞ்சியவற்றோடு மல்லாடி, மறுநாளும் அவற்றையே தேடி வருமாயின் அதுவே ஏற்ற நூல். அயலார் பிள்ளை படிக்கும் நூல் என்பது தகுதியாகாது.

மொழியின் பங்கு

தமிழ்த்துறை மலரில் கணிதம் பற்றி ஏன் எழுதவேண்டும் என்று சிலர் வினவலாம். கணக்கில் முந்தும் பிள்ளைகள் பலர் இடறுவது எண்ணில் அன்று, வாக்கியத்தில். 'கந்தனைவிட முத்து இரண்டு மடங்கு' என்பதற்கும் 'கந்தனைவிட முத்து இரண்டு கூடுதல்' என்பதற்கும் வேறுபாடு காணாதவர்க்கு இயற்கணிதச் சமன்பாடு அமையாது. 'ஏனெனில்', 'ஆகவே', 'எனின்' என்னும் சொற்களைச் சரியாக ஆளும் பிள்ளையே நிரூபணம் எழுதும். ஆங்கில வழியில் பயிலும் பிள்ளையும் வீட்டில் தாய்மொழியில் காரணம் சொல்லிப் பழகுதல் நன்று.

நிறைவாக

பெற்றோர்க்குக் கூறுவது ஒன்று: அடுத்த புத்தகத்தைத் தேடுமுன் இப்புத்தகத்தில் பிள்ளை தயங்கும் இடத்தைத் தேடுங்கள். ஆசிரியர்க்கு ஒன்று: முடித்துவிட்ட பிள்ளைக்கு அதே வகையில் இன்னும் இருபது கணக்குத் தருவது பரிசன்று, தண்டனை, புதிதாக ஒரு கணக்குத் தாருங்கள். ஊர்ப் பெரியோர்க்கும் ஒன்று: ஆண்டுவிழாவில் கேடயம் வழங்குவதோடு, ஏழைப் பிள்ளைக்கு நல்ல நூல் இரண்டும், வாரம் ஒருமுறை அமர்ந்து பேசக் கணிதம் பயின்ற கல்லூரி மாணவர் ஒருவரும் கிடைக்கச் செய்யுங்கள். பெண்பிள்ளையாயின், எட்டாம் வகுப்போடு அத்துணையை நிறுத்திவிடாதீர்கள். திறமை எந்த வீட்டிலும் பிறக்கும். அது வளர்வதும் வாடுவதும் அடுத்து நாம் எடுத்துத் தரும் பாடத்தைப் பொறுத்தது.