பனியில் உதிரும் கறிவேப்பிலை

தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி இருக்கும் மோதி பாக்கில் தமிழர் குவார்ட்டர்ஸ் எது என்று கேட்கவே வேண்டாம். வாசலில் கறிவேப்பிலை நிற்கும். தரையில் நட்டால் இன்னும் நன்றாக வளரும்தான். மாற்றல் உத்தரவு வந்தால் பெயர்த்துக்கொண்டு போக முடியாதே! அதனால்தான் பழைய பெயிண்ட் வாளி.

மார்கழி பிறந்தால் கவலையும் பிறக்கும். பக்கத்துச் சப்தர்ஜங்கில் 2021 ஜனவரி 1-ஆம் தேதி காலை 1.1 டிகிரி! நம்மூர்ச் செடி தாங்குமா? இலையெல்லாம் கொட்டிவிடும். பட்டுப்போயிற்றென்று பலர் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வாளியை வெயில் விழும் சுவரோரம் நகர்த்துங்கள். மண் காய்ந்த பிறகே கொஞ்சம் தண்ணீர். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் வேர் அழுகிவிடும். ஹோலி சமயத்தில் துளிர்க்கும்.

கற்பூரவல்லி விஷயம் வேறு. குழந்தைக்கு இருமல் வரும் மாதத்தில்தான் அது பனியில் கருகும். கார்த்திகையிலேயே நாலு தண்டு ஒடித்து, டம்ளர் தண்ணீரில் சமையலறை ஜன்னலோரம் வையுங்கள். வேர் விட்டதும் சின்னத் தொட்டிக்கு மாற்றலாம். ஊர் மாற்றலா? ஈரத்துணியில் சுற்றிய ஒரு தண்டு போதும். ரயிலில் அதற்கு டிக்கெட் கேட்கமாட்டார்கள்.