யூரின் பேக்கில் அவுரி நீலம்

படுத்த படுக்கையாகக் கிடக்கும் பாட்டியின் யூரின் பேக் ஒருநாள் காலையில் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தால் வீடே பதறிப்போகும். மருத்துவ ஏடுகளில் 1978-லேயே பதிவான சங்கதிதான் இது. பையில் ஏறியிருப்பது நீலச் சாயம். அவுரி இலையை ஊறவைத்து எடுப்பார்களே, அதே பொருள். சிவப்புச் சாயம் ஒன்றும் கூடச் சேர்வதால் ஊதாவாகத் தெரிகிறது. தறியோடு வாழ்ந்த கடையநல்லூரில்கூட, சிறுநீரில் சாயம் என்றால் நம்பாமல் சிரிப்பார்கள்.

இந்தச் சாயம் தொடங்குவது சாப்பாட்டில். பருப்பு, முட்டை, மீன், கறி எல்லாவற்றிலும் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. சிறுகுடல் உறிஞ்சியது போக மிஞ்சுவதைப் பெருங்குடலில் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் இண்டோல் ஆக்குகின்றன. அது கல்லீரலில் இண்டாக்சில் சல்பேட்டாகி, சிறுநீரகம் வழியே வெளியேறும். சிறுநீர் வெளியேற டியூப் போட்டவருக்குச் சிறுநீர்த் தொற்றும் இருந்தால், அந்தக் கிருமிகள் சல்பேட்டைக் கழற்றிவிடும். மிச்சம் காற்றுப் பட்டதும் நீலமாகிறது. அவுரித் தொட்டியை அடித்துக் கலக்குவதும் காற்றுப் படத்தான்.

ஊதா நிறம் பார்க்கத்தான் பயம். தொற்றுக்கு மருந்து கொடுத்து, டியூபை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெரிய தொல்லை, நிறமே காட்டாதவர்களுக்கு. சர்க்கரையாலும் ரத்தக் கொதிப்பாலும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த இண்டாக்சில் சல்பேட் ரத்தத்திலேயே தேங்குகிறது. ரத்தக் குழாயின் உட்சுவரையும் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது என்கின்றன ஆய்வுகள். டயாலிசிஸில் போய்விடாதா? யூரியா போகும். இதுவோ, திருவிழாக் கூட்டத்தில் தாயின் முந்தானையைப் பிடித்த பிள்ளைபோல ஆல்புமின் புரதத்தை விடாமல் பற்றிக்கொள்வதால் பெரும்பகுதி ரத்தத்திலேயே தங்கிவிடும். குடலிலேயே இண்டோலை உறிஞ்சும் கரி மருந்து ஜப்பானில் 1991 முதல் புழக்கத்தில் உண்டு. 2015-ல் வெளியான பன்னாட்டுச் சோதனையில் அதற்குப் பலன் நிரூபணமாகவில்லை.

அதற்காகப் பருப்பையும் கறியையும் தாமாகவே நிறுத்துவது ஆபத்து. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது வேண்டும். அதற்கு முந்தைய கட்டத்தில்தான் அளவைக் குறைக்கச் சொல்வார்கள்.

இதே டிரிப்டோபானை வேறு பாக்டீரியாக்கள் இண்டோல் புரோப்பியானிக் அமிலமாக்கும். அது ரத்தத்தில் கூடுதலாக உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது குறைவு என்றது 2017-ல் வெளியான பின்லாந்து ஆய்வு. நார்ச்சத்து நிறைய சாப்பிட்டவர்களிடம் அது அதிகம் இருந்தது. மலச்சிக்கலோ புரதம் குடலில் அழுக அவகாசம் தருகிறது. ஊதாப் பை நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படுவதும் இந்த மலச்சிக்கல்தான். நம்மூரில் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பதும் பெரும்பாலும் இதைத்தான்.